காமராசர் பல்கலைக்கழகச் சம்பளத்தை அரசே கொடுக்கட்டும்

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் வரவில்லை, பென்ஷன் வரவில்லை என்று செய்தி வரும்போதெல்லாம் கீழே இரண்டு கருத்துகள் கட்டாயம் இருக்கும். ஒன்று, "தின்னே அழிச்சானுங்க, நல்லா வேணும்." இன்னொன்று கொஞ்சம் விவரமானவர் தோரணையில் வரும்: "பல்கலைக்கழகம்னா தன் செலவைத் தானே பார்த்துக்கணும், எத்தனை நாளைக்கு அரசாங்கம் சோறு போடும்?" எனக்குச் சண்டை இந்த இரண்டாவது ஆளோடுதான். தன் செலவில் பெரும்பங்கைத் தானே பார்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இன்றைக்கு அதன் பிரச்சினையே அங்கிருந்து வந்ததுதான்.

1966இல் தொடங்கியது. 70களின் ஆரம்பத்திலேயே அஞ்சல்வழிக் கல்வி வந்துவிட்டது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் 'கரஸ்ல படிக்கிறேன்' என்று யாராவது சொன்னால் எந்தப் பல்கலை என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் சித்தி பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள், அப்புறம்தான் பி.ஏ. வரலாறு போட்டார். போஸ்ட்மேன் கொண்டு வந்து கொடுக்கும் பழுப்பு உறையில் பாடப் புத்தகம் இருக்கும். மட்டமான தாள், சில பக்கங்களில் அச்சே சரியாக விழுந்திருக்காது. கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் அரிசி டின் மேல் அதை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார், எங்கள் எல்லோருக்கும் பானிபட் போர்கள் மனப்பாடம். அந்த டிகிரியை வைத்துத்தான் பின்னால் பி.எட். முடித்து ஸ்கூலுக்குப் போனார். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் நம்மில் பலர் வீட்டில் இப்படி ஒரு சித்தியோ மாமாவோ இருப்பார்கள்.

இவர்கள் கட்டிய ஃபீஸ்தான் வருசக்கணக்காகப் பல்கலைக்கழகத்தைத் தாங்கியது. அரசு மானியம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பற்றாக்குறையை அஞ்சல்வழிப் பணமும் தேர்வுக் கட்டணமும் கல்லூரிகளின் இணைப்புக் கட்டணமும் ஈடுகட்டிவிட்டதால் எந்த ஆட்சிக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. அந்த ஊற்று ஒவ்வொன்றாக அடைபட்டது. ஒரு காலத்தில் கன்னியாகுமரி வரைக்கும் இதன் எல்லைதான். 1985இல் அழகப்பா, 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் என்று புதிய பல்கலைகள் வந்தபோது கல்லூரிகள் பிரிந்து போயின. அது நியாயமானதுதான், நாகர்கோவில் பிள்ளை எதற்கு மதுரைக்கு அலைய வேண்டும்? அப்புறம் 2002இல், வீட்டிலிருந்தே படிப்பவர்களுக்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் பிறகு, மாநிலம் தாண்டி அஞ்சல்வழிப் படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, கறாராகச் சொல்லிவிட, கேரளாவிலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் போனது. வருமானம் போய்விட்டது, பென்ஷன் வாங்குவோர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2024இல் பேராசிரியர்களும் ஓய்வூதியர்களும் சம்பளத்துக்காக வளாகத்தில் உட்கார்ந்து போராடியதை எல்லோரும் பார்த்தோம்.

சரி, ஊழல்? நடக்கவில்லை என்று யார் சொன்னது. 2018இல் ஒரு துணைவேந்தரின் நியமனத்தையே உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தேவைக்கு மேல் ஆள் எடுத்தார்கள், தணிக்கையில் கேள்வி மேல் கேள்வி வந்தது. தப்பு செய்தவனை விசாரியுங்கள், பணத்தைத் திரும்பப் பிடியுங்கள். ஆனால் தணிக்கை ஆட்சேபம் தீரவில்லை என்று மானியத்தை நிறுத்தி வைத்தால் தண்டனை யாருக்கு? கையெழுத்துப் போட்டவர் எப்போதோ ரிட்டயர் ஆகிப் போயிருப்பார். மாட்டிக்கொள்வது லேபுக்குக் கெமிக்கல் வாங்க முடியாமல் நிற்கிற ஆராய்ச்சி மாணவிதான்.

இந்த வளாகம் என்ன சாதித்தது என்று கேட்கிறவர்களுக்காக ஒன்றே ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை இருக்கிறதே, அங்கே குகையில் வௌவால்கள் உண்டு. வெளிச்சம் எட்டிப் பார்க்காத உள்பகுதியில் கிடக்கிற வௌவாலுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? விலங்கியல் ஆய்வாளர்கள் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் இந்தப் பல்கலையிலிருந்து குகைக்குப் போய் உட்கார்ந்து கண்டுபிடித்தார்கள்: கூட்டத்தில் மற்ற வௌவால்கள் கிளம்பித் திரும்புவதை வைத்தே அடைபட்டுக் கிடக்கிற வௌவாலும் தன் உடல் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அதோடு விடவில்லை, கடிகாரமும் சூரியனும் இல்லாத அறை ஒன்றை வளாகத்திலேயே கட்டி அதில் மனிதர்களைத் தங்கவைத்தும் ஆராய்ந்தார்கள். இதில் எது லாபம் தரும்? எந்தத் தனியார் முதலாளி வௌவாலுக்காகக் குகைக்கு ஆள் அனுப்புவார்? தெ.பொ.மீ., மு.வ., வ.சுப.மாணிக்கம் போன்ற தமிழறிஞர்கள் துணைவேந்தராக உட்கார்ந்த நாற்காலி இது. 2024இல் இருந்தவர் பதவிக்காலம் முடியுமுன்னே விலகிப் போனார், ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் உடனே அடுத்தவரைப் போட முடியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்ததையும் மறந்துவிட வேண்டாம். அதே 2024இல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. காரணம் என்ன தெரியுமா, அரசு கொடுக்கும் பணம் மொத்தத்தில் பாதிகூட இல்லை, அதனால் அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற வரிவிலக்கு செல்லாதாம். 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைப் பார்த்து, நீ அரசுப் பல்கலையே இல்லை என்கிறது கணக்குப் புத்தகம்!

பணம் இல்லை என்று அரசு சொன்னால் நம்ப மாட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியபோது 2013இல் தனிச் சட்டமே போட்டு அரசு எடுத்துக்கொண்டது, தேவைக்கு மிஞ்சிய ஊழியர்களை மற்ற அரசு அலுவலகங்களுக்கு மாற்றிச் சம்பளம் கொடுத்தது. செட்டிநாட்டு அரச குடும்பத்தின் கையில் இருந்ததற்கு அவ்வளவு செய்ய முடிந்ததென்றால், பிறந்ததிலிருந்தே அரசுப் பல்கலையாக இருப்பதற்கு ஏன் முடியாது?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சம்பளத்தையும் பென்ஷனையும் அரசு கஜானாவிலிருந்து நேரடியாகக் கொடுக்கட்டும், அரசுக் கல்லூரிக்குக் கொடுப்பது மாதிரி. தணிக்கை வழக்கு தனியாக ஓடட்டும். பல்கலைக்கழகமும் வரவு செலவை வருசா வருசம் தமிழில், நமக்குப் புரிகிற மாதிரி, இணையத்தில் போடட்டும். இந்த நாலு மாவட்டத்து எம்எல்ஏக்களும் நம் ஊர்க் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் போய், "பட்ஜெட்ல காமராசர் பல்கலைச் சம்பளத்துக்கு எவ்வளவு கேட்டீங்கண்ணே?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் போடுங்கள்.