எந்த வலது?

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். சித்தி மகளுக்கு மறுநாள் நிச்சயதார்த்தம். தஞ்சாவூரில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதே நன்றாக இருட்டிவிட்டது. வாடகைக்கு எடுத்த கார். டாஷ்போர்டில் இருந்த வழிகாட்டித் திரையில் தமிழ்க் குரலை வைத்திருந்தேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். அம்மா சின்ன வயதிலிருந்தே அந்த வழியைப் பாலங்களை எண்ணித்தான் தெரிந்துவைத்திருக்கிறார். அன்றும் எண்ணிக்கொண்டே வந்தார். மூன்றாவது பாலத்தோடு அசதியில் கண்ணயர்ந்துவிட்டார். அதற்குமேல் அந்தக் குரல் மட்டும்தான் எனக்கு வழி.

நாலாவது பாலம் இறங்கியதும் குரல் சொன்னது: "நூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்." வலதுபுறம் ஒரு பாதை தெரிந்தது. திரும்பினேன். மண் பாதை, இரண்டு பக்கமும் மூங்கில் புதர். கொஞ்ச தூரம் போயிருப்பேன். ஹெட்லைட் வெளிச்சம் தரையில் விழாமல் தண்ணீரில் விழுந்து பளபளத்தது. பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்துக்கும் படித்துறையின் முதல் படிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நின்ற வண்டிக்குள் குரல் அடுத்த வாக்கியத்தைச் சொன்னது: "வடமேற்கு நோக்கிச் செல்லவும்."

எதிரே ஆறு. பின்னால் இருட்டு. பக்கத்தில் எழுபத்தொரு வயது அம்மா. இதில் வடமேற்கு எது? அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் கரையோரமாக வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் சொன்ன வழியை அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி, இதுல வண்டி போவாது, படித்துறைதான். ரிவர்ஸ்லயே மெதுவா வாங்க, நான் பாத்துக்கறேன். மேல ஏறுனதும் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. நாலெட்டுல ஒரு அரசமரம் வரும். அதத் தாண்டுன ஒடனே திரும்பவும் சோத்தாங்கைப் பக்கம். ரைஸ்மில் செவரு வரும், அத ஒட்டியே கெழக்கால போனா தேரடி. அங்க யாரக் கேட்டாலும் வீட்டக் காட்டுவாங்க."

ஐந்தே நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு பேச்சையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரியவர் எந்த இடத்திலும் மீட்டர் சொல்லவில்லை. திரும்பும் இடத்துக்கு அடையாளம் சொன்னார். சரியான வழியில்தான் போகிறேன் என்று நானே தெரிந்துகொள்ள ரைஸ்மில் சுவரைக் கொடுத்தார். தேரடியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அங்கே இருப்பவர்களிடம் விட்டுவிட்டார். குரலோ ஒரு எண்ணையும் ஒரு பக்கத்தையும் மட்டும் கொடுத்தது. அந்த இடத்தில் வலதுபுறம் இரண்டு பாதைகள் இருந்தன. எந்த வலது?

மறுநாள் காலையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படித்துறைப் பாதையே அதில் இல்லை. அதைப் பொறுத்தவரை அங்கே ஒரே ஒரு வலதுதான். அதனால் 'இரண்டாவது வலது' என்று சொல்ல அதற்கு வழியே இல்லை.

நூறு மீட்டர் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் நூறில் நாற்பது மீட்டராவது கழிந்துபோகும். இருக்கும் இடமும் அச்சு அசலாகக் கிடைப்பதில்லை. இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துக் கணக்கிடும் செல்போன், திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் முன்பின்னாகத்தான் இடத்தைக் காட்டும். மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரையில் இன்னும் கூடும். அவ்வளவு தூரத்திலிருந்து இவ்வளவு நெருக்கமாகச் சொல்வது பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாதை பிரியும் இடத்தில் அந்த எண் போதாது. அங்கே அரசமரம்தான் வேண்டும்.

'வடமேற்கு' ஏன் வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. வண்டி ஓடினால்தான் செயற்கைக்கோளை வைத்து அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க முடியும். நின்றுவிட்டால் முகம் எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாது. அதனால் இடது, வலது சொல்லாமல் திசையைச் சொல்கிறது. நம் ஊர்க்காரர்களுக்குத் திசை ஒன்றும் புதிதில்லை. கெழக்கால, தெக்கால என்றுதான் இன்றும் கிராமத்தில் வழி சொல்கிறார்கள். ஆனால் கேட்பவர் கண்ணுக்கு முன்னால் ஒரு சுவரோ கோபுரமோ இருக்கும்போது சொல்கிறார்கள். இருட்டில் வெறும் 'வடமேற்கு' யாருக்கும் உதவாது. "பாதை தெரியும்வரை மெதுவாக ஓட்டுங்கள், பிறகு சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தால்கூடப் புரிந்திருக்கும்.

இன்னொன்று, தமிழின் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியத்தை அப்படியே தமிழாக்கி வைத்திருக்கிறார்கள். "இருநூறு மீட்டரில், தஞ்சாவூர் கும்பகோணம் நெடுஞ்சாலையில், இடதுபுறம் திரும்பவும்." தமிழில் வினை கடைசியில் வரும். அதனால் ஓட்டுகிறவருக்கு முதலில் தேவைப்படும் சொல் கடைசியாக வந்து சேர்கிறது. அதற்குள் சந்திப்பே தாண்டிப் போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர் யாரும் இப்படிப் பேசுவதில்லை. "லெஃப்ட், லெஃப்ட்... அந்த மெடிக்கல் ஷாப் ஒட்டி" என்பார். இதைப் பிழை என்று யாராவது சொல்வார்களா? அவசரத்துக்குப் பேசும் தமிழ் அதுதான். ரவுண்டானா வந்தால் "இரண்டாவது வெளியேறும் வழியில் வெளியேறவும்" என்கிறது அந்தக் குரல். "ரவுண்டானாவில் நேராகப் போங்க" என்றால் முடிந்தது.

பெயர்களைப் பற்றிப் பேசினால் மனசு நிஜமாகவே வலிக்கிறது. ஆங்கிலக் குரலில் பூதலூர் புடலூர் ஆகிறது. ழ வரும் ஊர்ப்பெயர் எல்லாம் ஜகரமாகவோ ஸகரமாகவோ உருக்குலைகிறது. சென்னையில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையை 'டிரைவ் ராதாகிருஷ்ணன்' என்று வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். டாக்டருக்கும் டிரைவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கம், அதனால் வந்த குழப்பம். தமிழ்க் குரலுக்கு மாற்றினாலும் முழுதாகத் தீர்வதில்லை. ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரைத்தான் அது திரும்பத் தமிழாக்கிப் படிக்கிறது. ரோட்டோரப் பலகையில் தமிழில் இருக்கும் பெயரும் காதில் விழும் பெயரும் ஒன்றாக இல்லாதபோது, புது ஊருக்கு வந்தவர் எதை நம்புவார்?

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்ததும், சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதும் ஞாபகம் இருக்கும். எத்தனை யு, எத்தனை ஓ என்று இங்கே எல்லோரும் சண்டை போட்டோம். அந்தச் சண்டையில் விட்டுப்போன ஒன்று இருக்கிறது. எந்த ஆங்கில எழுத்திலும் ழகரம் சரியாக அடங்காது. இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்தில் இருக்கும் பெயரையே கொடுத்துவிட வேண்டும். பட்டாவில், வாக்காளர் பட்டியலில், பஸ் பலகையில் எல்லாம் அந்தப் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. ஒரே இடத்தில் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட அரசால் முடியும். செய்ய வேண்டும்.

"பெயர்தானே, திரையைப் பார்த்தால் தெரிந்துவிடுமே" என்று என் நண்பன் கேட்டான். நான் சொல்ல வருவதே அதுதான். குரல் எதற்கு இருக்கிறது? கண் ரோட்டில் இருப்பதற்காக. ஒவ்வொரு குழப்பமான வாக்கியமும் ஓட்டுகிறவரின் கண்ணைத் திரைக்கு இழுக்கிறது. மேம்பாலத்தில் இது இன்னும் மோசம். மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு, வரைபடத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று. உயரத்தைக் கணிப்பதில் ஜிபிஎஸ் இன்னும் பலவீனம். "நேராகச் செல்லவும்" என்றால் ஏறுவதா, கீழே போவதா? கத்திப்பாராவில் முதல்முறை ஓட்டியவர்களுக்கு அந்தப் படபடப்பு தெரியும். 2024இல் ஒரு பெரிய வரைபடச் செயலி இந்திய நகரங்களில் மேம்பாலம் வருவதை முன்கூட்டியே காட்டத் தொடங்கியது. சந்தோஷம். கேட்டால் செய்ய முடிகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அதே 2024 ஜனவரியில் கூடலூரில் வழிகாட்டியை நம்பி வந்த ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம், வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். பாலத்தை மறித்துத் தடுப்பு வைக்காதவர்களுக்கும் அதில் பெரிய பொறுப்பு உண்டு. ஆனாலும் அந்தச் செய்தியை என்னால் இப்போது பழையபடி படிக்க முடியவில்லை. அந்த ஒரு முழம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

ஊர் திரும்பியதும் எனக்கு வழி சொன்ன செயலியில் புகார் பதிந்தேன். இதுவரை பதில் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது. 2004இல் தொடங்கிய பொது வரைபடம், நம் யாராலும் திருத்த முடியும். ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சொல்லச் சொல்லத்தான் எத்தனை பெயர்கள் என்று தெரிகிறது. வாய்க்கால்களுக்குப் பெயர், களத்துமேட்டுக்குப் பெயர், இடிந்துபோன சத்திரத்துக்கும் பெயர். உங்கள் ஊர்ப் பெயர்களைச் சேர்க்க விரும்பினால் கமெண்டில் சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன்.

முதல் நாள் நான் தேரடியிலிருந்து தொடங்கப் போனேன். அம்மா விடவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டா. மொதல்ல அந்தப் படித்துறைப் பாதையப் போடு. வண்டி போவாதுன்னு எழுது."