பிள்ளை பேசி முடிக்கும்வரை என்ஜினைத் திறக்காதீர்கள்

பெங்களூரில் வார இறுதி செஸ் போட்டி எங்கே நடந்தாலும், அல்சூரோ ஜெயநகரோ, வாசலில் நடப்பது ஒன்றுதான். பிள்ளை ஆடிவிட்டு வெளியே வந்ததும் நம் ஆட்கள் ஆட்டத்தை ஃபோனில் ஏற்றி, சரியான நகர்வைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜினிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். "இங்க யானையைத் தள்ளியிருந்தா முடிஞ்சிருக்கும்டா, இதுகூடவா தெரியல?" கிராண்ட்மாஸ்டருக்கே சட்டென்று தெரியாத நகர்வுக்கு ஒன்பது வயதுப் பிள்ளை திட்டு வாங்குகிறது. எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

மனிதனுக்கும் இயந்திரத்துக்குமான போட்டி எப்போதோ முடிந்துபோன கதை. 1996இல் ஃபிலடெல்ஃபியாவில் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவ், டீப் ப்ளூ என்ற கணினியை 4-2 என்று ஜெயித்தார். 1997 மே மாதம் நியூயார்க்கில் 3.5-2.5 என்று தோற்றார். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரம் அது. அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தைத்தான் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெருக்கடியான நிலையில் காஸ்பரோவ் ரிசைன் செய்துவிட்டார். தொடர்ந்து செக் கொடுத்து டிராவுக்குப் போராட ஒரு வழி இருந்ததே, மறுநாள் கூட இருந்தவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் அவர் கடைசிவரை தேடியிருப்பார் என்றே நான் நம்புகிறேன். இயந்திரம் இதைக் கணக்குப் போடாமலா இருக்கும் என்ற நினைப்பு, உலகச் சாம்பியனையே தேட விடாமல் செய்துவிட்டது.

அந்த நினைப்பைத்தான் நாம் இப்போது சின்ன வயதிலேயே ஊட்டுகிறோம். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்ட என்ஜின் திரை ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டையைப் பார்த்துப் பழகிய பிள்ளை, பலகையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது.

தவறு யாருக்குத்தான் வராது? 2006இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் என்ற என்ஜினுடன் ஆடிய கிராம்னிக், அப்போதைய உலகச் சாம்பியன், ஒரே நகர்வில் விழும் செக்மேட்டைக் கவனிக்கவில்லை.

என்ஜினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆல்ஃபாஜீரோ என்ற என்ஜின் வந்தபிறகு ஓரச் சிப்பாயைத் துணிந்து முன்னால் தள்ளுவதைப் பெரிய ஆட்டக்காரர்களே அதனிடம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எப்போது திறப்பது என்பது முக்கியம். 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் என்ஜின் பக்கமே விடவில்லை. சொந்த மூளையால் கணக்குப் போடப் பழகட்டும் என்றுதான்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹாலுக்கு வெளியே ஒரு மேஜை, நாலு பலகை போட்டு வையுங்கள். ஆடி முடித்த இரண்டு பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்து, "நீ இங்க குதிரையை எடுப்பேன்னு பயந்தேன்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அதுவரை ஃபோன் பெற்றோரின் பைக்குள்ளேயே இருக்கட்டும். அப்புறம் வீட்டுக்குப் போய் ஸ்டாக்ஃபிஷைத் திறங்கள், பிள்ளைக்குச் சந்தேகம் வந்த இடத்தில் மட்டும்.