ஊர் வீட்டை யாராவது அளந்து வச்சிருக்கீங்களா?

சுவர்ல மாட்ட ஊர் வீட்டு முகப்பைக் குட்டியா செஞ்சு, 'வில்லேஜ் ஹவுஸ் வால் ஆர்ட்'னு இன்ஸ்டால போடுற வீடியோ எல்லாமே ஒரே வீடு மாதிரி தான் இருக்கு. சுவர்ல ரெண்டு விரிசல், பச்சை பெயின்ட்ல பாசி, ஓரமா ஒரு மாட்டு வண்டி, ஆச்சு. கீழ '300 வருஷப் பழைய வீடு'ன்னு போட்டுட்டு மேல சீமை ஓடு, அதான் மங்களூர் ஓடு. ஏங்க, மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷனரிங்க அந்த ஓட்டு ஃபேக்டரிய ஆரம்பிச்சதே 1865ல தான். (பின்னாடி மாத்தி வேஞ்சதா இருக்கலாம், சரி, அப்படின்னா அதையாவது சொல்லணும்ல.)

நல்லா செய்யுறாங்க, கை சுத்தம், அதுல குறை சொல்லல. ஆனா அது யார் வீடு? மன்னார்குடி பக்கம் எங்க அம்மாச்சி வீட்டை இடிச்சு மாடி வீடா கட்டியாச்சு, நாங்க பத்து பேர் அங்க வளந்தோம், ஒருத்தன் கூட டேப் வச்சு ஒரு தூணை அளக்கல. போன வருஷம் பெரம்பூர் ஃப்ளாட் ஹால்ல மாட்ட அந்த வீட்டைக் குட்டியா செய்யணும்னு உக்காந்தப்ப தான் அது உறைச்சுது.

கையில இருந்தது அம்மா கல்யாண ஃபோட்டோ ஒண்ணு தான். அதுல மாமா தூண் பக்கத்துல நிக்கிறாரு. அவர் அஞ்சரை அடி, தூண் அவரை விட கால் பங்கு உசரம், அப்ப ஏழடிக்குக் கிட்ட. ஒரு அடிக்கு அரை இஞ்ச்னு கணக்கு வச்சா தூண் மூணரை இஞ்ச், 24 அடி முகப்பு ஒரு அடியில அடங்கிடும். திண்ணை அகலம் மட்டும் பிடிபடல. முட்டுக்காடு தட்சிணசித்ரால ஊர்கள்ல இருந்து பிரிச்சு எடுத்துட்டு வந்து திரும்பக் கட்டின வீடுங்க இருக்குல்ல, அங்க போய் திண்ணைய டேப் வச்சு அளந்தேன், ஸ்கூல் பசங்க என்னைய ஒரு மாதிரி பாத்துச்சுங்க.

ஓடு தான் உயிரை வாங்கிச்சு. நாட்டு ஓடுங்கிறது குயவர் சக்கரத்துல குழாய் மாதிரி வனைஞ்சு ரெண்டா பிளக்குறது, ஒண்ணு மல்லாத்தி ஒண்ணு கவுத்தி அடுக்குவாங்க. நான் புத்திசாலித்தனமா பேப்பர் ஸ்ட்ராவ நீளவாக்குல வெட்டி ஒட்டுனேன். அம்மா பாத்துட்டு "என்னடா இது, கூரை மேல டிரெய்னேஜ் பைப்பா?"ன்னாங்க. கணக்குப் போட்டா சரிதான், ஆறு மில்லி ஸ்ட்ரா நிஜத்துல கிட்டத்தட்ட ஆறு இஞ்ச் குழாய்! எல்லாத்தையும் பிச்சுட்டு, மெல்லிசான மூங்கில் குச்சில பேப்பரைச் சுத்தி, ஃபெவிகால் காஞ்சதும் பிளந்து, ரெண்டாயிரத்துக்கு மேல ஒட்டி, டீ டிகாஷன் அடிச்சேன். நவம்பர் மழைல சுவர் ஓதம் ஏறி ஒரு வரிசை உப்பிடுச்சு, திரும்ப அது ஒரு ஞாயித்துக்கிழமை.

அதனால சொல்றேன், பழைய வீடு இன்னும் நிக்கிறவங்க பொங்கலுக்கு ஊருக்குப் போனா செல்ஃபிய அப்புறம் எடுங்க, மொதல்ல டேப் எடுத்துட்டுப் போங்க. தூண், திண்ணை, வாசக்கால், ஓட்டு நீளம், நாலையும் அளந்தாலே போதும்.

ஏன்னா மாட்டி முடிச்சு எல்லாரும் சூப்பர்னு சொன்ன அன்னிக்கு அம்மா மட்டும் பேசாம பாத்துட்டே இருந்தாங்க. என்னம்மான்னேன். "வாசல் தப்புடா. உங்க தாத்தா குனியாம உள்ள போகவே மாட்டாரு, மறந்து போனா நெத்தில இடிச்சுக்குவாரு. நீ வச்ச வாசல்ல இடிக்காதே."

கழட்டி எறக்கி, மூணேகால் இஞ்ச் வாசலை ரெண்டரை ஆக்கினேன்.