அக்காவிடம் கேட்டிருக்கக் கூடாது

(தம்பி புதிதாக வீடு வாங்கியவன். அக்காவும் மாமாவும் பல வருடமாக விறகு எரித்தே வீட்டைச் சூடாக்கிக் குளிர்காலத்தை ஓட்டுகிறவர்கள். தம்பி வாழ்த்து வாங்கத்தான் வந்தான், ஆலோசனை கேட்க இல்லை.)

தம்பி: அக்கா, முடிவு பண்ணிவிட்டேன். இந்தக் குளிர்காலத்திலிருந்து என் வீட்டுக்கு விறகு ஸ்டவ்தான். கரண்ட் ஹீட்டருக்குக் கும்பிடு.

அக்கா: நல்லது. விறகு எங்கே?

தம்பி: ஸ்டவ் இன்னும் வரவில்லையே. அடுத்த மாதம் வரும். வந்ததும் விறகு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே.

அக்கா: அப்படியென்றால் அடுத்த குளிர்காலத்துக்குச் சரியாக இருக்கும்.

தம்பி: என்னது!

அக்கா: புதிதாக வெட்டின மரத்தில் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர்தான். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும். அதற்குப் பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுப் போக விட்டு, லேசான மரமென்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ, ஓக் மாதிரி கெட்டி மரமென்றால் இரண்டு வருடமோ காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு உள்ளே தள்ளினால் அது எரியாது, வேகும்.

தம்பி: விறகு விற்கிறவர் நன்றாகக் காய்ந்த விறகு என்று சத்தியம் செய்தாரே.

அக்கா: வேறு என்ன சொல்லி விற்பார், சொட்டச் சொட்ட ஈரம் என்றா? ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, கையடக்கமாக, முனையில் இரண்டு ஊசியோடு. அவர் கண் முன்னாலேயே ஒரு கட்டையைப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பார். வெளிப்பக்கத்தில் குத்தினால் எல்லாக் கட்டையும் பாஸ்.

தம்பி: அவர் கோபித்துக்கொண்டால்?

அக்கா: கோபித்துக்கொண்டால் மீட்டரே தேவையில்லை.

தம்பி: சரி, விறகை விடு. ஸ்டவ்வைப் பற்றிக் கேள். கடையில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து வைத்திருக்கிறேன். வீடு முழுக்கச் சூடாக வேண்டுமே.

அக்கா: சூடு அதிகமானால் என்ன செய்வாய்?

தம்பி: காற்று வருகிற வழியை அடைத்துவிட்டால் நெருப்புத் தானாக அடங்கிவிடும்.

அக்கா: அடங்காது, புகையும். அந்தப் புகையில் எரியாமல் மிஞ்சுகிற தாரெல்லாம் மேலே ஏறி, குளிர்ந்த இடத்தில் புகைக்குழாய்ச் சுவரில் ஒட்டும். கிரியோசோட் என்பார்கள். ஈர விறகும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஒரு நாள் அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் ஆயிரம் டிகிரி வரைக்கும் போகும், அப்போது நீ ஆசைப்பட்டபடி வீடு முழுக்கச் சூடாகிவிடும்.

தம்பி: அபசகுனமாகப் பேசாதே. சின்னதாகவே வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா: ரொம்பச் சின்னதாக இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அதற்குத் தீனி போட வேண்டும். கைக்குழந்தை மாதிரிதான், ஆனால் இது வளராது. முதலில் கூரைக்கு இன்சுலேஷன் போடு, ஜன்னல் இடுக்கையெல்லாம் அடை. அப்புறம் வீடு மணிக்கு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்று விவரம் தெரிந்தவரை வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ற கிலோவாட் பார்த்து வாங்கு. நீ என்ன, கதவுக் கண்ணாடியின் அழகைப் பார்த்தாய், அவ்வளவுதானே?

தம்பி: (மெதுவாக) வளைந்த கண்ணாடி அக்கா...

அக்கா: தெரியும்.

தம்பி: இன்னொன்று. கேட்டலிஸ்ட் வைத்த மாடல் ஒன்று இருக்கிறதாம். ராத்திரி நிரப்பிவிட்டுப் படுத்தால் காலை வரை எரியுமாம். அது எடுக்கலாமா?

அக்கா: நல்ல சாமான்தான். புகை ஒரு தேன்கூடு போன்ற பாகத்தின் வழியாகப் போகும், அதில் பூசியிருக்கிற உலோகத்தால் குறைந்த சூட்டிலேயே, சுமார் 260 டிகிரியிலேயே, புகை எரிந்துவிடும். அதனால் நெருப்பை மெதுவாக ஓட்டலாம். அது இல்லாத மாடலில் மேலே இருக்கிற துளைகள் வழியாகச் சூடான காற்று வந்து புகையை இரண்டாம் முறை எரிக்கும். அதற்கு அடுப்பு நன்றாகக் கொதிக்க வேண்டும், ராத்திரி முழுக்க இழுத்துப் பிடிப்பது கஷ்டம். வீட்டுக்கே அதுதான் கணப்பு என்றால் நான் கேட்டலிஸ்ட் பக்கம்தான்.

தம்பி: அப்போது அதையே எடுத்துவிடுகிறேன்.

அக்கா: உனக்கு வேண்டாம். தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும், சரியான சூடு வந்ததும் புகை அந்தப் பாகத்தைச் சுற்றிப் போகிற பைபாஸ் வழியை மூட வேண்டும், அந்தப் பாகத்தை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உன் காரில் எஞ்சின் லைட் எவ்வளவு நாளாக எரிகிறது?

தம்பி: அது சும்மா எரிகிறது அக்கா.

அக்கா: அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

தம்பி: சரி தாயே. குழாயாவது என் இஷ்டப்படி வைக்கலாமா? சுவரில் ஓட்டை போட்டு, பக்கவாட்டில் வெளியே எடுத்து, வெளிச்சுவரை ஒட்டி மேலே ஏற்றிவிடலாம். ஹாலில் இடம் மிச்சம்.

அக்கா: வெளிச்சுவர்க் குழாய் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். குளிர்ந்த குழாயில் புகையை மேலே இழுக்கிற இழுவை இருக்காது, தார் மட்டும் நன்றாக ஒட்டும். முடிந்தவரை வீட்டுக்குள்ளேயே நேராக மேலே போய்க் கூரையைத் தாண்ட வேண்டும். கூரையைத் துளைக்கிற இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், 10 அடி தூரத்துக்குள் இருக்கிற எதைவிடவும் 2 அடி அதிகம். சில வீடுகளில் ஸ்டவ்வைவிடக் குழாய்க்குத்தான் அதிகம் செலவாகும், அதைக் கடைக்காரர் கடைசியில்தான் சொல்வார்.

தம்பி: புகைக்கு இவ்வளவு ராஜ மரியாதையா? 1740களிலேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டவ் செய்திருக்கிறார், அவர் இதெல்லாம் பார்த்தாரா?

அக்கா: அவர் புகையைக் கீழே இறக்கி அப்புறம் மேலே ஏற்றப் பார்த்தார். மின்னலையே மடக்கிய மனிதர், புகை அவர் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த வழியை மாற்றினார்கள். உன் வீட்டுச் சமையலறையில் ராட்சச எக்ஸாஸ்ட் ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா?

தம்பி: தாளிக்கிற நெடி வெளியே போகும்.

அக்கா: வீட்டுக் காற்றெல்லாம் வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் குழாயில் இருக்கிற புகை உள்ளே வரும். ஸ்டவ்வுக்கு என்று வெளியிலிருந்து தனிக் காற்றுக் குழாய் வைக்க முடியுமா என்று கேள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்று மாட்டு. அதற்கு வாசனை கிடையாது, உன் மூக்கை நம்ப முடியாது.

தம்பி: நீ சொல்கிறதைப் பார்த்தால் ஸ்டவ் வாங்குகிற மாதிரியே தெரியவில்லை, கப்பல் வாங்குகிற மாதிரி இருக்கிறது. சரி, விறகு எவ்வளவு வேண்டும்? காரின் டிக்கி நிறைய?

அக்கா: அது ஒரு வாரம் வந்தால் பெரிது. விறகைக் கார்டு என்று அளப்பார்கள், 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி. கடுங்குளிரில் விறகு மட்டுமே நம்பி இருக்கிற வீட்டுக்கு நான்கைந்து கார்டு சாதாரணமாகப் போகும். எங்கே அடுக்குவாய்?

தம்பி: பின்சுவரை ஒட்டி.

அக்கா: கரையான் உனக்கு நன்றி சொல்லும்.

தம்பி: (பெருமூச்சு) சாம்பல் ஒன்றுதான் பிரச்சினை இல்லாதது. வருகிற அட்டைப் பெட்டிகளை எல்லாம் அதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா: என்னங்க! கொஞ்சம் இங்கே வாருங்கள், இவன் சாம்பலை அட்டைப் பெட்டியில் கொட்டப் போகிறானாம்!

(உள்ளே மாமா சிரிக்கிற சத்தம். வரவில்லை.)

அக்கா: டேய், சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளி, அதுவும் வீட்டை விட்டுத் தள்ளி வெளியே. வருடத்துக்கு ஒருமுறையாவது குழாயைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடு. காப்பீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அப்புறம், அந்தப் பழைய ஹீட்டரைக் கழற்றிவிடாதே. நீங்கள் நாலு நாள் வெளியூர் போனால் விறகு தானாக ஸ்டவ்வுக்குள் நடந்து போகாது, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும்.

தம்பி: இத்தனைக்கும் நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறீர்கள்?

அக்கா: ரொம்ப. உன் மாமாவுக்குக் கோடாரியைக் கொடுத்தால் போதும், காலையில் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார், வீடும் நிம்மதியாக இருக்கும். நீயும் சனிக்கிழமை வா, லாரியில் பச்சை மரம் இறங்குகிறது, பிளந்தால் பாதி உனக்கு.

தம்பி: சனிக்கிழமையா... அன்றைக்கு ஹீட் பம்ப், அதுதான் கரண்டில் வீட்டைச் சூடாக்குகிற மெஷின், அதை விற்கிறவர் வீட்டுக்கு வருகிறாரே.

அக்கா: எப்போது வரச் சொன்னாய்?

தம்பி: நீ தார் கதை சொல்லும்போது மெசேஜ் அனுப்பினேன்.

அக்கா: அதுவும் நல்லதுதான். கரண்ட் போனால் என்ன செய்வாய்?

தம்பி: உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம்.