இன்னும் ரெண்டே ரெண்டு கேள்விதான்

"இன்னும் ரெண்டே ரெண்டு கேள்விதான்மா, முடிஞ்சிரும்."

இத நான் சொன்னப்போ எனக்கு வயசு 23. எதிர்ல உக்காந்திருந்த அம்மாவுக்கு 50க்கு மேல இருக்கும். மேசை மேல ரெக்கார்டர் ஓடிட்டு இருக்கு. எம்.எஸ்சி சைக்காலஜி தீசிஸுக்காக, நெருங்கின ஒருத்தர இழந்தவங்க அதுக்கப்புறம் அன்னாடப் பொழுத எப்படி ஓட்டுறாங்கன்னு இன்டர்வியூ எடுத்துட்டு இருந்தேன். 12 பேர் வேணும், அவங்கதான் 12வது ஆள், தீசிஸ் சப்மிட் பண்ண மூணு வாரம்தான் பாக்கி. 23வது நிமிஷத்துல அவங்க பேச்சு அப்படியே நின்னுபோச்சு. கண்ணாடியக் கழட்டித் துடைச்சாங்க, கதவு பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பார்வைய நான் கவனிச்சேன். தெரியாம நடந்துருச்சுன்னு சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்ல, கவனிச்சுட்டுத்தான் அந்த வார்த்தைய சொன்னேன். "சரி, கேளுங்க தம்பி"ன்னாங்க. ரெண்டு கேள்வின்னு சொல்லிட்டு ஏழு கேள்வி கேட்டேன்.

கன்சென்ட் ஃபார்ம்ல அவங்க கையெழுத்து இருக்கு. எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் இருக்கு. "எந்த நேரத்திலும் காரணம் கூறாமல் விலகிக்கொள்ளலாம்"னு நாலாவது பாயின்ட்டா ஃபார்ம்ல இருக்கு, நானே டைப் பண்ணினது. ஃபைலப் பொறட்டிப் பாத்தா ஒரு குறையும் சொல்ல முடியாது.

மனுஷங்கள வெச்சுப் பண்ற சைக்காலஜி ஆராய்ச்சில எத்திக்ஸ் பத்திப் பேச்சு வந்தாலே ஃபார்ம், கையெழுத்து, கமிட்டி, ரகசியம் காக்கறதுன்னு ஒரு வரிசை சொல்லுவாங்க, எல்லாம் வேணும்தான், ஆனா இத்தன வருஷத்துக்கப்புறம் என் மனசுல நிக்கிறது ஒரே ஒரு கேள்வி. உக்காந்திருக்கறவங்களால பாதில எந்திரிச்சுப் போக முடியுதா? போகலாம்னு ஃபார்ம்ல எழுதியிருக்கறத விடுங்க, நெசமாவே முடியுதா?

ஸ்டான்லி மில்கிராம்ங்கற அமெரிக்க உளவியலாளரோட எக்ஸ்பெரிமென்ட்ட எல்லாரும் "மனுஷன் எந்த அளவுக்குக் கீழ்ப்படிவான்"ங்கற பாடமாத்தான் படிச்சிருப்போம். 1961ல யேல் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சாரு. ஞாபகசக்தி பத்தின ஆய்வுன்னு சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்து ரூம்ல இருக்கறவர் தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கச் சொன்னாங்க, 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 450 வோல்ட் வரைக்கும். ஷாக் பொய், உள்ள இருந்தவர் ஏற்பாடு பண்ணின ஆள். 1963ல அவர் வெளியிட்ட கட்டுரைப்படி 40 பேர்ல 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரைக்கும் போனாங்க. இதெல்லாம் எல்லாரும் சொல்றது. நான் ரொம்ப நாள் யோசிச்சது வேற ஒரு விஷயத்த. வந்தவங்க கிட்ட, நாலரை டாலர் இங்க வந்ததுக்கே உங்களுக்குத்தான், உள்ள என்ன நடந்தாலும் திருப்பித் தர வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அதாவது காசு அவங்களக் கட்டிப்போடல. ஆனா ஒருத்தர் "எனக்கு வேண்டாங்க, நிறுத்திக்கிறேன்"னு சொன்னா ஆராய்ச்சியாளர் சொல்றதுக்கு நாலு வாக்கியம் வரிசையா எழுதி வெச்சிருந்தாங்க. தயவுசெஞ்சு தொடருங்கன்னு ஆரம்பிச்சு, நாலாவது, உங்களுக்கு வேற வழியே இல்ல, தொடர்ந்துதான் ஆகணும்னு முடியும். வேற வழி இருந்துச்சு, கதவு பூட்டல. வழி இல்லன்னு சொன்னது பச்சைப் பொய், அந்தப் பொய் எக்ஸ்பெரிமென்ட்டோட டிசைன்லயே ஒரு பாகம். வேர்த்துக்கொட்டி, திக்கித் திணறி, அடக்க முடியாம சிரிச்சு, சிலருக்கு வலிப்பு மாதிரியே வந்துச்சுன்னு அவரே அந்தக் கட்டுரைல எழுதியிருக்காரு. அந்த ஆளுக்கு ஷாக்கே போகலங்கற முழு உண்மை, பல பேருக்கு அன்னிக்கே சொல்லப்படல, மாசக்கணக்குல கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஒருத்தன நான் கொன்னுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயித் தூங்க முயற்சி பண்ணின ஒரு மனுஷன நெனச்சுப் பாருங்க.

என்னோட "இன்னும் ரெண்டே ரெண்டு கேள்விதான்மா", அவரோட "தயவுசெஞ்சு தொடருங்க". அளவு வேற, எனக்கும் தெரியும். ஜாதி ஒண்ணுதான்.

இதுல என்னக் கோவப்படுத்துறது என்னன்னா, விதி அப்போவே இருந்துச்சு. நாஜி டாக்டர்கள் மேல நடந்த வழக்கோட தீர்ப்புல 1947ல வந்த நியூரம்பெர்க் நெறிமுறைல 10 பாயின்ட் இருக்கு, முதல் பாயின்ட் சுயவிருப்பத்தோட குடுக்குற சம்மதம், அது எல்லாருக்கும் தெரியும். ஒம்பதாவது பாயின்ட்ட யாரும் பெருசா பேசறதில்ல. உடம்பாலயோ மனசாலயோ இதுக்கு மேல முடியாதுன்னு அந்த ஆளுக்குத் தோணினா, எக்ஸ்பெரிமென்ட்ட நிறுத்துற உரிமை அவருக்கு இருக்கணும்னு சொல்லுது. "அவருக்குத் தோணினா" அப்படிங்கறதுதான் முக்கியம். ஆராய்ச்சியாளருக்குத் தோணினா இல்ல. இது எழுதி 14 வருஷம் கழிச்சுத்தான் யேல்ல அந்த நாலு வாக்கியம் தயாராச்சு.

ஸ்டான்ஃபோர்ட் ஜெயில் எக்ஸ்பெரிமென்ட் இன்னும் மோசம். 1971 ஆகஸ்ட். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியரா இருந்த பிலிப் ஜிம்பார்டோ, போலியா ஒரு ஜெயில் வெச்சு, 24 மாணவர்களத் தேர்ந்தெடுத்து, ஒரு நாளைக்கு 15 டாலர்னு பேசி, யாரு கைதி யாரு காவலர்னு குலுக்கல் மாதிரி பிரிச்சாரு. ரெண்டு வாரம்னு திட்டம், ஆறு நாள்ல மூட வேண்டியதாப் போச்சு. அவரே ஜெயில் சூப்பரின்டென்டென்ட் வேஷமும் கட்டிக்கிட்டாரு, அதாவது ஆய்வ நிறுத்த வேண்டிய ஆளே ஆய்வுக்குள்ள பாத்திரமா நிக்கிறாரு. அதுல ஒரு காட்சி இருக்கு, அதப் படிச்சதுல இருந்து எனக்கு மறக்கவே இல்ல. பரோல் போர்டுன்னு ஒண்ண வெச்சு கைதிங்க கிட்ட, உங்கள வெளிய விட்டா, இதுவரைக்கும் சம்பாதிச்ச காசு வேண்டாம்னு விட்டுட்டுப் போயிடுவீங்களான்னு கேட்டாங்க. பெரும்பாலானவங்க சரின்னாங்க. யோசிச்சு சொல்றோம், செல்லுக்குத் திரும்பிப் போங்கன்னதும் எல்லாரும் திரும்பிப் போயிட்டாங்க. காசே வேண்டாம்னு சொல்லியாச்சுன்னா அவனுக்கும் அந்த எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் இருந்த ஒரே கயிறும் அறுந்துபோச்சு, நான் கெளம்புறேன்னு நடந்து போயிருக்கலாம், ஒருத்தனும் போகல. போகலாம்ங்கற நெனப்பே அவங்களுக்குள்ள இருந்து போயிருச்சு. இந்த ஆய்வுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோட கமிட்டி அனுமதி குடுத்திருந்துச்சு, அதையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கணும். கடைசில, அப்போதான் முனைவர் பட்டம் முடிச்சிருந்த கிறிஸ்டினா மாஸ்லாக் வந்து பாத்துட்டு, இந்தப் பசங்களுக்கு நீங்க பண்றது கொடுமைன்னு சண்டை போட்டதுக்கப்புறம்தான் நின்னுச்சு. அவங்களுக்கு முன்னாடியும் வெளியாளுங்க நெறைய பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க.

"அதெல்லாம் பழைய கதை, இப்போ விதிமுறை வந்தாச்சு"ன்னு சொல்லுவாங்க. வந்தாச்சு, உண்மைதான். அமெரிக்கால 1974ல மனுஷங்கள வெச்சுப் பண்ற ஆராய்ச்சிக்குன்னு சட்டம், 1979ல அதுக்கான நெறிமுறைய சொன்ன பெல்மாண்ட் அறிக்கை, அதுல மனுஷனுக்கு மரியாதை, நன்மை செய்யறது, நீதின்னு மூணு கோட்பாடு, உலகம் முழுக்க இன்னிக்கு இருக்கற கமிட்டிகள் பலதும் இந்த மாதிரி அடித்தளத்து மேலதான் நிக்குது. நான் அதுக்கெல்லாம் எதிரி இல்ல, அது இல்லாத காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் ஆசைப்பட மாட்டாங்க. ஆனா 2009ல வெளியான ஜெர்ரி பர்கரோட ஆய்வப் பாருங்க. மில்கிராம் பண்ணினத எத்திக்ஸுக்கு உட்பட்டுத் திரும்பப் பண்ண முடியுமான்னு பாத்தவரு. 150 வோல்ட்டோட நிறுத்திட்டாரு, மனநலப் பிரச்சினை வரக்கூடியவங்கள முன்னாடியே ரெண்டு கட்டமா சலிச்சு எடுத்துட்டாரு, உள்ள நின்னு நடத்தினவரு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், யாராவது ரொம்ப அவஸ்தைப்பட்டா உடனே நிறுத்தணும்னு அவருக்கு உத்தரவு, முடிஞ்ச கையோட உண்மைய சொல்லிட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, எப்போ வேணா விலகலாம், 50 டாலர் உங்களுக்குத்தான்னு மூணு தடவ சொன்னாங்க, அதுல ரெண்டு தடவ எழுத்துல. நெஜமாவே ஒழுங்கா பண்ணின வேலை. அப்படியும் அடிப்படை ஆய்வுல 70 சதவீதம் பேர் 150 வோல்ட்டத் தாண்டிப் போகத் தயாரா இருந்தாங்க.

மூணு தடவ சொல்லியும்.

இதப் படிச்ச அன்னிக்குத்தான் என் ஃபார்மோட நாலாவது பாயின்ட் எனக்கு வெறும் மையாத் தெரிஞ்சுது. சொல்றது வேற, சொன்னத ஒருத்தரால எடுத்துப் பயன்படுத்த முடியறது வேற. எதிர்ல ஒருத்தன் பேனா பேப்பரோட, பட்டத்தோட, பொறுமையான முகத்தோட உக்காந்திருக்கான், நான் எந்திரிச்சா அவன் வேலை கெட்டுப்போகும், அவன் முகம் சுருங்கும். மனுஷங்க மரியாதைக்காகவே உக்காந்திருப்பாங்க.

குழந்தைங்கன்னா கேக்கவே வேண்டாம். 1939ல அமெரிக்காவோட அயோவா பல்கலைக்கழகத்துல, திக்குவாய் பத்தி ஆராய்ச்சி பண்ணின வெண்டல் ஜான்சன் மேற்பார்வைல மேரி டூடர்னு ஒரு மாணவி அனாதை இல்லத்துக் குழந்தைங்க 22 பேர வெச்சு ஆய்வு பண்ணினாங்க. நல்லா பேசிட்டிருந்த சில குழந்தைங்க கிட்ட உனக்குத் திக்குவாய் இருக்கு, ஒழுங்கா பேச முடியலன்னா பேசாதன்னு சொல்லிச் சொல்லி என்ன ஆகுதுன்னு பாத்தாங்க. குழந்தைங்க பேசவே கூச்சப்பட்டு ஒடுங்கிப் போச்சுங்க. ஏன் அனாதை இல்லம்? "எங்க புள்ளையக் கூட்டிட்டுப் போறோம்"னு சொல்ல யாருமே கெடையாது, அதுதான் காரணம்னு நான் நம்புறேன். அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001ல. 62 வருஷம்.

எங்க காலேஜ்லயே ஒண்ணு நடந்துச்சு, பேர் வேண்டாம். முதல் வருஷத்துல சீனியர் ஒருத்தரோட ஆய்வுல உக்காந்தா இன்டர்னல் மார்க். விருப்பம் இல்லாதவங்களுக்கு மாற்று வழி இருக்கணும்னு அமெரிக்க உளவியல் சங்கத்தோட விதில தெளிவாவே இருக்கு, எங்களுக்கும் மாற்று குடுத்தாங்க. ஆய்வுன்னா 20 நிமிஷம், மாற்றுன்னா 2000 வார்த்தைல கட்டுரை. யாரு கட்டுரை எழுதுவா? அந்த ஆய்வுல எனக்குப் புதிர் மாதிரி ஏதோ குடுத்து, உங்க ஸ்கோர் ரொம்பக் கம்மின்னு ஸ்கிரீன்ல காட்டுச்சு. அது பொய்யான ஸ்கோர், எல்லாருக்கும் அதேதான் காட்டியிருக்காங்க, மட்டம் தட்டினா அடுத்த வேலைய எப்படி செய்யறாங்கன்னு பாக்க. எனக்கு இது தெரிஞ்சது ரெண்டு மாசம் கழிச்சு, அதுவும் கேன்டீன்ல ஒரு பையன் பேச்சுவாக்குல சொல்லி. அந்த ரெண்டு மாசம் நான் படிப்ப விட்டுடலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்.

அதுக்காக மறைச்சு செய்யற ஆய்வே கூடாதுன்னு நான் சொல்லல. சில விஷயத்த முன்னாடியே சொல்லிட்டா ஆளு இயல்பா நடந்துக்க மாட்டாங்க, புரியுது. ஆனா எதுல உக்காந்திருக்கோம்னே தெரியாதவங்க எதுல இருந்து எந்திரிச்சுப் போவாங்க? அந்த உரிமைய நாம கடனா எடுத்துக்கிறோம், முடிஞ்சவுடனே திருப்பிக் குடுக்கணும். உக்கார வெச்சு உண்மைய சொல்லி, இப்போ தெரிஞ்சுபோச்சுல்ல, உங்க டேட்டாவ வெச்சுக்கவா அழிக்கவான்னு கேக்கணும். 2012 ஜனவரில ஃபேஸ்புக் 6,89,003 பேரோட நியூஸ் ஃபீட்ல ஒரு வாரம் சந்தோஷமான பதிவையோ சோகமான பதிவையோ கொறச்சுக் காட்டி, அவங்க எழுதறது மாறுதான்னு பாத்துச்சு. 2014ல கட்டுரை வந்தப்போதான் உலகத்துக்கே தெரிஞ்சுது. அக்கவுன்ட் ஆரம்பிக்கும்போது ஒத்துக்கிட்ட விதிமுறையே சம்மதம்னாங்க. விளைவு ரொம்பச் சின்னதுதான், ஆனா அந்த வாரத்துல ஏற்கனவே உடைஞ்சுபோய் ஃபோனத் தொறந்தவங்க யாருன்னு யாருக்கும் தெரியாது, அவங்களத் தேடிப் போய் சொல்லவும் இல்ல.

அந்த அம்மா விஷயத்துக்கு வரேன். டிரான்ஸ்கிரிப்ட் டைப் பண்ணும்போது 23வது நிமிஷத்துல "மௌனம், 19 வினாடி"ன்னு அடிச்சேன், அடுத்த வரில என் பேர் போட்டு அந்த ரெண்டே ரெண்டு கேள்வி. ஹெட்ஃபோன்ல என் குரல் அவ்வளவு கனிவா இருந்துச்சு, அதுதான் தாங்க முடியல. கைடு கிட்ட சொல்லிட்டு அவங்களத் திரும்பப் போய்ப் பாத்தேன். நீங்க அன்னிக்கே போயிருக்கலாம்மா, நான்தான் விடலன்னு சொன்னேன். அவங்க சொன்னாங்க, "போகலாம்னு தெரியும் தம்பி, நீங்கதான் முதல்லயே படிச்சுக் காட்டினீங்களே. படிக்கிற புள்ள, மார்க் போயிருமேன்னுதான் உக்காந்திருந்தேன்."

முழுசா அழிச்சிடவான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சு, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கலாமான்னாங்க. ஹெட்ஃபோன மாட்டிவிட்டேன். வீட்டுக்காரரப் பத்தி அவங்க சொன்னத அவங்களே கேட்டாங்க, ரெண்டு எடத்துல சிரிச்சாங்க. 19 வினாடி மௌனம் ஆரம்பிச்சதும் கையத் தூக்கினாங்க. "இதுவரைக்கும் வெச்சுக்கோங்க. இதுக்கப்புறம் வேண்டாம்."

அங்கேயே வெட்டினேன்.