அந்த ஒரு பக்கம் அக்காவுக்குப் போதும்

ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள், அதனால் முழுசாகச் சொல்லப் போவதில்லை. மதுரை சிந்தாமணியில் அப்பளம் போடுகிற அக்காவின் வெப்சைட்டை, ஆன்லைனில் வாங்க வழியில்லாத ஒரே ஒரு பக்கத்தை, பெரிய திரையில் போட்டு, "இது வெப்சைட்டா, நோட்டீஸா?" என்று மேடையில் இருந்தவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவன் நான்தான். என்னைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அக்கா குனிந்த தலை கடைசிவரை நிமிரவில்லை, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

ஆமாம் சார், அது நோட்டீஸ்தான். அவருக்கு வேண்டியதும் அதுதான். எந்தெந்த அளவில் அப்பளம் கிடைக்கும், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், வழி காட்டும் மேப், தொட்டால் போன் போகிற நம்பர், இவ்வளவும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அவரிடம் வாங்குகிறவர்கள் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்களும் மெஸ்காரர்களும் தேனி, திண்டுக்கல் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர்களும். "முகூர்த்தத்துக்கு இத்தனை கட்டு வேணும், வியாழக்கிழமைக்குள்ள ஆகுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலையே பேசுவார்கள். உளுந்து விலை ஏறினால் அப்பள விலையும் ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் காயப்போட வழியில்லாமல் வேலை நிற்கும். இதில் ஆன்லைனிலேயே வாங்குகிற 'ஆட் டு கார்ட்' பட்டன் வைத்து, யாரோ ராத்திரியில் பணம் கட்டிவிட்டால் காலையில் யார் பதில் சொல்வது? கூரியரில் போன அப்பளம் நொறுங்கிப்போய்ச் சேர்ந்தால் பணத்தை யார் திருப்பித் தருவது?

வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்று முதலில் பாருங்கள், அப்புறம் எந்த மாதிரி வெப்சைட் என்று முடிவு செய்யுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். விளக்குத்தூண் பக்கம் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் பாத்திரக் கடை. 2019-இல் ஒருவர் வந்து பேசிப் பேசி, 48,000 ரூபாய்க்கு ஷாப்பிங் வெப்சைட் போட்டுக் கொடுத்தார். பித்தளையை நாங்கள் எடை போட்டு விற்கிறோம். ஒரு அண்டாவின் விலையை அன்றைய ரேட்டும் தராசும்தான் சொல்லும். அதை முன்னூறு சாமானுக்கும் தினமும் யார் மாற்றுவது? நான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து மாற்றினேன், ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். இரண்டு வருஷத்தில் வந்தது பதினோரு ஆர்டர், அதில் நான்கு நசுங்கித் திரும்பி வந்தன. வேண்டாம், கடை விலாசத்தையும் போன் நம்பரையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று போனபோதுதான் தெரிந்தது, டொமைனை, அதாவது வெப்சைட் முகவரியை, அவர் தன் பெயரில் பதிந்து வைத்திருக்கிறார். புதுப்பிக்கவும் இல்லை. அப்பா பெயரை வைத்துப் போட்ட முகவரி போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார்.

"ஆன்லைனில் விற்றுச் சம்பாதிக்கிறவர்களே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். என் நண்பர் சுங்குடிச் சேலை விற்கிறார், அவருக்கு ஷாப்பிங் வெப்சைட்தான் சரி. சேலை உடையாது, எடை குறைவு, விலையை ஒருமுறை போட்டால் மாதக்கணக்கில் மாற்ற வேண்டாம். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, வெளியூர்க்காரர்கள் பெயரைச் சொல்லித் தேடி வருகிறார்கள். அவருக்கும் வேலை இல்லாமல் இல்லை. கையால் முடிச்சுப் போட்ட சேலையில் ஒன்று போல ஒன்று இருக்காது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டோ எடுக்க வேண்டும். பணம் வாங்கித் தரும் கேட்வேக்கு ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 2 சதவீதம் போகும். கணக்குப் பார்த்துத்தான் இறங்கினார், கட்டுப்படியாகிறது.

"கூகுளில் இலவசமாகப் போடலாமே, வெப்சைட்டே எதற்கு?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். மேப்பில் கடையைக் கட்டாயம் போடுங்கள், காசில்லை. ஆனால் அதே கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த கடை வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் போல ஆனாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில் இருக்கட்டும். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் "வளர்ச்சிக்கு எதிரி" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அக்கா கைம்பெண்ணாக நின்று அப்பளக் கட்டை பிடித்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவர். வளர்ச்சியைப் பற்றி அவருக்கு யார் பாடம் எடுப்பது? கூட்டம் முடிந்ததும் மேடையில் பேசியவரின் ஆட்கள் வாசலில் மேஜை போட்டு ஷாப்பிங் வெப்சைட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விற்றுக்கொள்ளட்டும், அது அவர்கள் தொழில். அதற்கு எதற்காக ஒரு பெண்ணைக் காட்டி நூறு பேரைச் சிரிக்க வைக்க வேண்டும்? அவர் உழைத்து நடத்துகிற தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்களா? ஒரு நாளைக்கு எத்தனை கட்டு போகிறது என்றாவது கேட்டார்களா?

நேற்று அக்கா போன் பண்ணி, "தம்பி, அந்தப் பக்கத்த எடுத்துறலாமா, விசிட்டிங் கார்டுலயும் அடிச்சிட்டேனே" என்றார். வேண்டாம்க்கா என்றேன். ராத்திரியே உட்கார்ந்து எழுத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்பளம் வேண்டுமென்றால் அதில் இருக்கிற நம்பருக்குப் போன் போடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் மாவு பிசைந்துகொண்டிருப்பார்.