டிராகனைக் கம்ப்யூட்டரா வரைகிறது?

"டிஜிட்டல் ஃபேண்டஸி படமெல்லாம் ஓவியமே இல்லை, பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டரே வரைந்துவிடும்" என்றொரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு.

டேப்லெட்டில் வரைபவரும் ஒவ்வொரு கோடாகக் கையால்தான் இழுக்கிறார். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். இன்றைய பேனாக்கள் பல 8192 அழுத்த நிலைகள் வரை உணரும். டிராகனின் கழுத்து வளையும் இடத்தில் செதில்கள் எப்படி நெருங்கும், அது கக்கும் தீயின் வெளிச்சம் தாடைக்கு அடியில் எவ்வளவு படும் என்பதையெல்லாம் மென்பொருள் சொல்லித் தராது. பிழையை நொடியில் அழிக்கலாம், படத்தை லேயர் லேயராக, அதாவது தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து வைக்கலாம். சலுகை ஏறக்குறைய அவ்வளவுதான். நாலு வார்த்தை தட்டினால் படம் தரும் ஏஐ வேறு சங்கதி. பதிவு போட்டவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது.

எண்ணெய் வண்ணத்துக்குத் தனி மவுசு உண்டு, மறுக்கவில்லை. கித்தானில் திட்டாய் நிற்கும் வண்ணம், தூரிகை விட்டுப்போன தடம், உலகில் ஒன்றே ஒன்றான அசல். ஃபேண்டஸி ஓவியர் ஃபிராங்க் ஃப்ரசெட்டா 1969இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'எகிப்திய ராணி' 2019 ஏலத்தில் 54 லட்சம் டாலருக்குப் போனது. டிஜிட்டல் கோப்பை எத்தனை முறை நகலெடுத்தாலும் எல்லாம் ஒன்றுதான். விலை வித்தியாசத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். திறமைக் குறைவு அல்ல.